மூச்சுக்குள்ளே ஒரு சதி

இனி எது நடந்தாலும் பதறுவதில்லை என்று 2009 ஜனவரியில் ஒரு தீர்மானம் போட்டேன். போட்ட அன்றைக்கே மூன்று தடவை பதறினேன்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். ஆர்டர் வற்றிவிட்டது. ஷிப்டில் பாதி நேரம் ஓடாத மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மாதக் கடைசியில் ஆட்குறைப்பு லிஸ்ட் வரும் என்று பேச்சு. என் பெயர் அதில் இருக்கும் என்று எனக்கே தெரியும். என் மனைவி ரோஹிணிக்கு மட்டும் தெரியக்கூடாது.

கூட வேலை பார்க்கும் தயாளன்தான் என்னைத் தாம்பரத்தில் ஒரு புத்த பிக்கு நடத்தும் தியான வகுப்புக்கு இழுத்துப் போனான். மூச்சைக் கவனி. மனதில் எது வந்தாலும் விரட்டாதே. பெயர் சொல்லி அனுப்பிவிடு. அவ்வளவுதான் பாடம்.

மறுநாள் சாயங்காலம் ஹாலில் சம்மணம் போட்டேன். ரோஹிணி பீன்ஸும் கத்தியுமாக எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க இது?"

"ஆனாபானசதி."

"பேர்லயே சதி இருக்கே!"

"பாலி மொழியில சதின்னா கவனம்."

"நம்ம ஊர்ல சதின்னா பொண்டாட்டி. ரெண்டும் ஒண்ணுதான். எனக்கும் சொல்லிக் குடுங்க. வாய்விட்டுச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

குருவாகும் வாய்ப்பு யாருக்குக் கசக்கும்? கண்ணை மூடினேன்.

"மூச்சு... மூச்சு... குக்கர் சத்தம்... முட்டி வலி..."

"ம்."

"உங்கம்மா ஞாபகம்... கோபம்..."

"அதைச் சீக்கிரம் அனுப்பிடுங்க."

"மூச்சு... பயம்."

கத்திச் சத்தம் நின்றது.

"எதுக்குப் பயம்?"

"லிஸ்ட்."

"எந்த லிஸ்ட்?"

"வேலைய விட்டு அனுப்பற லிஸ்ட். என் பேர் இருக்கும்."

சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் டிபன்பாக்ஸை நீட்டியவள் முகத்தில் என்ன தெரியுமோ என்று இருந்தது. என் கைமேல் அவள் கை வந்தது. ஈரம், பீன்ஸ் வாசனை. எந்த முயற்சியும் இல்லாமல் மூச்சு ஒழுங்காகப் போய் வந்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து பெருங்களத்தூர்ல ஒரு ஸ்கூலுக்குப் போறேன். பிரசவ லீவுல போன டீச்சர் இடம். போன வாரமே பேசி முடிச்சுட்டேன்."

கண் தானாகத் திறந்துகொண்டது. "போன வாரமேவா? தயாளன் சொன்னானா?"

"அவர் எதுக்குங்க? பத்து நாளா தூக்கத்துல இதைத்தான் சொல்லிட்டிருக்கீங்க. இன்னிக்குத்தான் முழிச்சுக்கிட்டு சொன்னீங்க."