பத்தாவது நிமிடத்தில் மறைந்துபோகும் மச்சான்

நவுசோரி,
17-4-2007, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அப்பலசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை சுஷீலாவின் கணவன் ஏழுமலை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் சுஷீலாவும் கல்யாணப் பெண் விஷாலியும் உடம்பளவில் சுகம். பிரிஸ்பேனில் தாங்களும் ஜான்கி அக்காவும் அதேபோல் இருக்க மாரியம்மன் துணை நிற்பாளாக. மனதளவில் சுகமா என்று கேட்டால் எனக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இக்கடிதம். தமிழில் எழுதுவதன் காரணம், உங்கள் வீட்டில் உங்களைத் தவிர வேறு யாரும் இதைப் படிக்கக் கூடாது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் ஆள் மூலம் அனுப்பிய லேப்டாப் விஷயமாகத் தெரிவிப்பது. தாங்கள் ஆசையாகக் கொடுத்தனுப்பிய பொருள் என்பதால் சுஷீலா அதைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டாள். அடியில் ஒரு தலையணை, தலையணைமேல் பூ வேலை செய்த துணி, அதன்மேல்தான் லேப்டாப். ஞாயிறுதோறும் காலை பூஜை முடிந்ததும் தங்கள் முகம் அதில் தெரியும். உடம்பு, மழை, தோட்டத்துக் கீரை, விஷாலி கல்யாணம் என்று நல்லபடியாகப் போகும் பேச்சு. அதெல்லாம் முடிந்ததும் தாங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு நம் நாட்டு நடப்புக்கு வருவீர்கள். டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து தங்களுக்கு அதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மார்ச் நாலாம் தேதி தாங்கள் "துப்பாக்கி" என்று சொல்லி வாயை மூடவில்லை, தங்கள் முகத்தில் பச்சைக் கோடுகள் ஓடின, மூக்கு மட்டும் நாலாகப் பிரிந்தது, லேப்டாப் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு அணைந்துவிட்டது.

"என்னாங்க, அண்ணன் மூஞ்சி வெண்டக்கா மாதிரி ஆயிடுச்சே! அவருக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?" என்று சுஷீலா அலறினாள். அதற்குத்தான் அன்று நான் போன் செய்து தங்கள் உடல்நிலையை மூன்று முறை விசாரித்தேன். தாங்களும் கோபப்பட்டீர்கள்.

பதினொன்றாம் தேதி "தேர்தல்" என்ற சொல்லில் அணைந்தது. பதினெட்டாம் தேதி "சேனாதிபதி" என்றீர்கள், இரண்டாம் எழுத்திலேயே போய்விட்டது. நான் முப்பத்தொரு வருடம் நில அளவை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன், எதையும் பதிவு செய்யாமல் விடமாட்டேன் என்று தங்களுக்குத் தெரியும். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தேதி, நேரம், அணைந்தபோது பேசப்பட்ட சொல் என்று எழுதிவந்தேன். சைக்கிள் பம்பால் தூசி ஊதினேன். ஒயரை மாற்றினேன். ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன், அறை மாற்றினேன். குளிர்ந்த காற்று பட்டுக் கெட்டுவிட்டதோ என்று ஒரு துண்டைப் போர்த்தினேன், அன்றைக்கு ஏழாம் நிமிடமே அணைந்துவிட்டது. ஆனால் கல்யாணப் பத்திரிகையை மூன்று மணி நேரம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன், ஒரு சிணுங்கல் இல்லை. ஆகவே மெஷினில் குறை இல்லை, பேச்சில்தான் குறை என்று முடிவு செய்தேன். யாரோ கேட்கிறார்கள். கேட்டு அணைக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்காமல் இந்த முடிவுக்கு வந்தேன் என்று நினைக்க வேண்டாம். மார்ச் இருபத்தைந்தாம் தேதி மீன்பிடிப்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று தங்களைக் கெஞ்சினேனே, நினைவிருக்கிறதா? தங்களுக்கு மீனில் அக்கறை இல்லாததால் ஆறு நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். லேப்டாப் அணையவே இல்லை. என் முடிவு உறுதியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு தாங்கள் வாயைத் திறப்பதற்கு முன் நானே லேப்டாப்பைப் பார்த்து, "இப்ப ரோடெல்லாம் ரொம்ப சுத்தம், சிப்பாய்ங்க எல்லாம் தங்கமான மனுசங்க" என்று சத்தமாகச் சொன்னேன். "ஏன்யா, குடிச்சிருக்கியா?" என்று தாங்கள் கேட்டீர்கள். அதிலும் அணைந்தது. நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்று புரிந்துகொண்டேன்.

அந்த வாரம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வாயை விட்ட யாரையோ முகாமுக்குக் கூட்டிப் போனார்களாம். யார், எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர்கள் வந்து கேட்பதற்கு முன் நாமே போய்ச் சொல்லிவிட்டால் தண்டனை குறையும் என்று தோன்றியது. மச்சான், இதற்குமேல் எழுதக் கை கூசுகிறது.

போன செவ்வாய் காலை சுஷீலாவிடம் மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, ரேவா பாலத்தருகே கூடாரம் போட்டிருக்கும் சிப்பாய்களிடம் சரணடையப் போனேன். கையில் நாலு ஃபுல்ஸ்கேப் தாளில் ஆங்கிலத்தில் வாக்குமூலம். அதில் நான் எழுதியிருந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். மேற்படி பேச்சுகள் யாவும் என் மனைவியின் அண்ணன் அப்பலசாமி என்பவரால் பேசப்பட்டவை. அவர் 2000ஆம் ஆண்டு இந்தியர்கள்மேல் நடந்த கலவரத்துக்குப் பின் இந்நாட்டைவிட்டுப் போனவர். அவருடைய பிரிஸ்பேன் விலாசமும் டெலிபோன் எண்ணும் பின்வருமாறு. அடுத்த மாதம் என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் முறையில் அவர் வரவிருக்கிறார். நான் தலையை மட்டுமே ஆட்டினேன், அதுவும் சத்தம் சரியாகக் கேட்காததால் ஆட்டினேன்.

மச்சான், இதை எழுதியவன் நான்தான். என் கையெழுத்துத்தான், அடியில் தேதியும் போட்டிருந்தேன்.

கூடாரத்தில் இருந்த சார்ஜென்ட் நான் லேப்டாப் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "வேணாம் காக்கா, போங்க" என்றார். அங்கே எல்லோரும் இந்தியில்தான் பேசினார்கள், நான் தமிழில் எழுதுகிறேன். காக்கா என்றால் இந்தியில் சித்தப்பா. தமிழில் காக்கா பிடிக்கப் போனவனுக்கும் அந்தப் பெயர் பொருத்தம்தான். நான் விஷயத்தைச் சொல்லி நாலு தாளையும் நீட்டினேன். அவர் முதல் தாளைப் பாதி படித்துவிட்டு, முத்திரை குத்தி, ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "இலைசா, இங்க வா" என்று கூப்பிட்டார்.

கார்ப்பரல் இலைசா நாற்பத்தைந்து வயதுக்காரர். வயர்லெஸ் பிரிவு. அமைதிப்படையில் வெளிநாடெல்லாம் போய் வந்தவராம். துண்டைப் பிரித்துப் பார்த்தவர், "கைசே காக்கா, எப்படி இருக்கீங்க? ஏன் இதுக்குப் போத்திவிட்டிருக்கீங்க? சுடுது பாருங்க" என்றார். நான் என் நோட்டை எடுத்து நீட்டினேன். சொற்கள் இருந்த கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை, நேரம் எழுதிய கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "பத்து நிமிஷம், பத்து நிமிஷம், பதினொண்ணு, பத்து, ஏழு. வார்த்தை இல்ல காக்கா, சூடு."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். கூடாரத்தில் இருந்த பெரிய திரையை லேப்டாப்போடு இணைத்தார். அதிலும் அதே பச்சைக் கோடுகள், ஆகவே திரையில் குறை இல்லை என்றார். உள்ளேயிருந்த மெமரித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்த்தார், அதிலும் இல்லை. பிறகு படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நிறுத்தினார். படமெல்லாம் பெரிது பெரிதாக அசிங்கமாகத் தெரிந்தாலும் ஒரு மணி நேரம் லேப்டாப் கல்லுமாதிரி ஓடியது. அந்த ஒரு மணி நேரமும் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து யாங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கி ஒரு சிரட்டை கொடுத்தார்கள். சரணடையப் போன இடத்தில் ஊர் வழக்கப்படி கைதட்டி வாங்கிக் குடித்தேன்.

பிறகு டிரைவரைத் திரும்பவும் ஓடவிட்டு, ஒரு ரக்பி ஆட்டத்தைப் போட்டார். கூடாரமே சுற்றி நின்றது. பத்தாவது நிமிடம் நம்முடைய ஆள் பந்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி ஓடுகிறான், இன்னும் நாலு அடி, அவன் முகத்தில் பச்சைக் கோடுகள், அணைந்துவிட்டது. எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். சார்ஜென்ட் என் பக்கம் திரும்பி, "காக்கா, இப்ப யாரு கவர்மென்ட்டத் திட்டினாங்க?" என்றார்.

மச்சான், ரேவா ஆறு பக்கத்தில்தான் இருந்தது.

இலைசா மட்டும் சிரிக்கவில்லை. முகம் தெரியும்படி பேசினால், வீடியோ பார்த்தால், கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை அதிகம், சூடாகும், இந்தக் கார்டில் கோளாறு இருப்பதால் பத்து நிமிடத்துக்குமேல் தாங்காது, அது உள்ளே பலகையோடு பற்றவைத்தது, இங்கே மாற்ற முடியாது, எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று விளக்கினார். தாங்கள் நலம் விசாரித்து முடிக்க எட்டு நிமிடம், தொண்டையைச் செரும ஒரு நிமிடம். சரியாகக் கணக்கு உதைக்காமல் வந்து நின்றது.

நான் எழுந்து, "சார், அப்ப அந்தத் தாளைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன். "முத்திரை குத்தியாச்சு காக்கா. வெள்ளிக்கிழமை சுவா தலைமையகத்துக்குப் போயிடும்" என்றார் சார்ஜென்ட். முத்திரை குத்திய தாளைத் திருப்பிக் கேட்டு என் மேசைமுன் நின்று அழுதவர்களை முப்பத்தொரு வருடம் இதே வார்த்தையால் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேண்டுமானால் முதல் வாக்குமூலம் தவறு என்று இன்னொன்று எழுதிக் கொடுங்கள் என்றார். அங்கேயே உட்கார்ந்து ஆறு தாள் எழுதினேன். தாங்கள் கோயில் கமிட்டியில் இருந்தது, வெள்ளத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களைப் படகில் ஏற்றியது, 2000இல் பயந்துபோய்க் கிடந்த எங்களுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்தது, தங்களுக்கு மீன் பிடிக்காது என்பது வரைக்கும் எழுதினேன். மீன் வாங்காமலே வீட்டுக்குப் போனேன். மீன் எங்கே என்றாள் சுஷீலா. கடல் சரியில்லையாம் என்றேன்.

அன்றிலிருந்து நேற்றுவரை நான் சாப்பிட்டது சாப்பாடே இல்லை. நேற்றுப் பிற்பகல் இலைசாவே எங்கள் வாசலில் வந்து நின்றார். சுஷீலா, "யாருங்க இவரு?" என்றாள். "காக்காவோட மெஷின் ரிப்பேர் பண்ணேன் அம்மா, இப்ப எப்படி ஓடுதுன்னு பாக்க வந்தேன்" என்று அவரே சொல்லிவிட்டார். சுஷீலா சந்தோஷப்பட்டுத் தேநீர் கொடுத்தாள். அவர் போகும்போது கேட்டருகே ஒரு தாளை என் கையில் கொடுத்தார். சுவாவிலிருந்து வந்த பதில், இரண்டே வரி: மேல்நடவடிக்கை தேவையில்லை. மனுதாரர் கணினியைத் தலையணையிலிருந்து எடுத்துக் கெட்டியான மேசைமேல் வைக்கவும்.

ஆகவே தங்கள் பெயருக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்று இலைசா உறுதி சொன்னார். கேட்டைத் திறந்தவர் ஒரு நிமிடம் நின்று, "உங்க மச்சான் வாராவாரம் கூப்பிடுறாரா? என் தம்பி இங்கிலாந்து போயி அஞ்சு வருசமாச்சு. கிறிஸ்துமஸுக்குக்கூட கூப்பிடல. நீங்க குடுத்து வெச்சவரு காக்கா" என்றார். அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் குத்தியது.

மச்சான், எல்லாம் பயத்தால் நடந்தது. பயந்த மனுசன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது. தங்கள் முகத்தைப் பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை. தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடப்பது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், தயவுசெய்து தாங்கள் வர வேண்டாம். முதுகுவலி என்று சுஷீலாவிடம் போனில் சொல்லிவிடுங்கள், அவள் அழுவாள், நான் தேற்றிக்கொள்கிறேன். சடங்கு செய்ய வேறு யாரையாவது உட்காரவைக்கிறேன். இதில் உள்ளது எதுவும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

ஜான்கி அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குறைவில்லாமல் வாழ அம்மன் அருள்புரியட்டும்.

தலைகுனிந்த
ஏழுமலை

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் சுஷீலா போனை வைத்துவிட்டு ஓடிவந்தாள். "அண்ணன் டிக்கெட்ட முன்னாடியே மாத்திட்டாராம்! இந்தச் சனிக்கிழமையே வர்றாராம், கல்யாண வேலையெல்லாம் தானே கூட இருந்து பாக்கணுமாம்!" என்று குதிக்கிறாள். தபால் பிரிஸ்பேன் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகும், அதற்குள் தாங்கள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, கையோடு கொண்டுவருகிறேன். நேரில் சொல்வதானால் பொய்யை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. மேலே எல்லாம் பயத்தால் நடந்தது என்று எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிடுங்கள். முதல் மூன்று தாள்தான் பயம். நாலாவது தாளில் தங்கள் விலாசத்தை எழுதியபோது எனக்குப் பயமே இல்லை. தெருப் பெயரை எழுதி, வீட்டு எண்ணை எழுதி, தபால் எண்ணைச் சரிபார்த்து இரண்டாம் முறை அழுத்தி எழுதினேன். சந்தோஷமாக இருந்தது. நீங்கள் போய்விட்டீர்கள், நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம், ஏழு வருடமாக அங்கிருந்தபடி எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு எரிச்சல் எனக்குள் இருந்திருக்கிறது. அது அங்கே இருந்தது என்று அந்தப் பேனா ஓடியபோதுதான் எனக்கே தெரிந்தது. அதைச் சொல்லாமல் தங்களை மணமேடைக்கு அழைத்துப்போக என்னால் ஆகாது. வாருங்கள். நவுசோரி விமான நிலையத்தில் நான் மட்டும் வந்து நிற்கிறேன், சுஷீலாவை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். நான் சொல்லி முடிக்கும்வரை தாங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அதற்குப் பிறகு என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டு, பெட்டியை நானே தூக்கி வருகிறேன்.