சுத்துவழியார் பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்த வழி

இந்தியாவில் எந்த ஊருக்குமே நேர்வழியாகப் போய்ச் சேராத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் காரைக்குடி ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் சுத்துவழியார்.

நான் கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு வந்த முதல் வாரம். பள்ளத்தூரில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவரும்படி மேனேஜர் அவரை அனுப்பினார். காலையில் சைக்கிளில் போனவர் ஆபீஸ் மூடுகிற நேரத்துக்கு வந்தார். ஹேண்டில்பாரில் இரண்டு குலை நுங்கு தொங்கியது.

"பள்ளத்தூருக்குத்தானே போனீங்க?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"பஸ்ல போயிருந்தா பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்திருக்கலாமே!"

"பஸ்ல போனா பள்ளத்தூர் வரும் சார். வழி வராதே!"

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நுங்கு சாப்பிட்டார்.

சுத்துவழியாருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை, காரைக்குடி சமதளமாக இருப்பது. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் மலைகளுக்கு நடுவே, ஆற்றை ஒட்டிய குட்டி ரோட்டில் சைக்கிளில் போகிற வீடியோ ஒன்று அவர் போனுக்கு வந்து தொலைத்தது. அன்றிலிருந்து மனிதர் மனிதராக இல்லை.

"பாரு தம்பி! ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு. ஒரு ஹாரன் சத்தம் இருக்கா? லாரி இருக்கா? இப்பிடி ஒரு பள்ளத்தாக்குல போவணும்."

"நம்ம பக்கம் ஏதுண்ணே பள்ளத்தாக்கு?"

"தேடினாத்தானே தெரியும்."

தேடினோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேடினோம். நான் ஏன் போனேன் என்று கேட்டால், தனியாக இருந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ் கிடையாது, மதினி கட்டிக்கொடுக்கும் புளியோதரை இருவருக்குமாக இருக்கும். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். ரயில்வே கேட்டுக்கு முன்னால் ரோடு கொஞ்சம் உயர்ந்தால் சுத்துவழியாருக்கு அது மலையேற்றம். "மூச்சைப் புடி, மூச்சைப் புடி" என்று கத்துவார். நான் மூச்சைப் பிடிப்பதற்குள் இறக்கம் வந்துவிடும். காளையார்கோவில் போகிற வழியில் ஓர் இடத்தில், சீமைக்கருவேலம் மண்டிய மணல் பள்ளத்தைக் கண்டதும் பிரேக் போட்டு, விரலை உதட்டில் வைத்தார்.

"பள்ளத்தாக்கு" என்றார், காதோடு.

"இது வாய்க்கால்ணே."

"தண்ணி வந்தா ஆறு."

உள்ளே மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அதற்கும் நம்பிக்கை வரவில்லை.

வழி கேட்பதில் அவருக்குச் சில கொள்கைகள். டீக்கடையில் கேட்கக்கூடாது, மெயின் ரோட்டைக் காட்டிவிடுவார்கள். போனில் பார்க்கக்கூடாது. "போனு அதுக்குத் தெரிஞ்ச வழியைச் சொல்லும். நமக்கு அதுக்குத் தெரியாத வழி வேணும்" என்பார். ஒருமுறை மூட்டை முடிச்சோடு சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றும் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று ஆபீஸ் வாசலில் நின்று, மதுரைக்கு வண்டி நெரிசல் இல்லாத ரோடு எது என்று கேட்டது. கேட்டது சுத்துவழியாரிடம். அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, கூடவே போய் வழி காட்டி அனுப்பிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து அதே தம்பதி அதே வாசலில் வந்து நின்றது. மதுரை என்று நினைத்துக் காரைக்குடிக்குள்ளேயே திரும்ப நுழைந்திருக்கிறார்கள். திட்டப்போகிறார்கள் என்று நான் நழுவப் பார்த்தேன். அந்த அம்மாளோ சுத்துவழியாரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, இந்தியாவில் இதைவிட அழகான வழியைப் பார்த்ததே இல்லை என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை ஒரு வாரத்துக்கு என்னால் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு. வீட்டில் அப்படி இல்லை. ஒரே மகள் தேன்மொழி, படித்து முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வந்த வரன்களில் இரண்டு, "பொண்ணோட அப்பா ஒரு மாதிரியாமே" என்ற காரணத்தாலேயே தட்டிப்போயின. மூன்றாவதாக ஒரு கால்நடை டாக்டர் பையன், நத்தம் பக்கம். மதினியின் அண்ணன் போனிலேயே எல்லாம் பேசி, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அமராவதிபுதூரில் இருந்த சுத்துவழியார் வீட்டுக்குப் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் பிரான்மலைக்குப் போனது.

"மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்று மதினியிடம் சத்தியம் செய்துவிட்டு, சனிக்கிழமையே என்னையும் கிளப்பிக்கொண்டு சிங்கம்புணரியில் போய்த் தங்கிவிட்டார். பெண் பார்க்க வருவதைப் பற்றி எனக்கு அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சைக்கிள் டயரைக் கடித்தாவது தடுத்திருப்பேன்.

விடிந்ததும் மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். அங்கே, சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளத்தாக்கு இருந்தது. இந்தப் பக்கம் மலை, மேலே பஞ்சு மாதிரி மேகம். அந்தப் பக்கம் சிங்கம்புணரிப் பாலாறு, புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சலசலத்துக்கொண்டு போனது. நடுவில் மாந்தோப்புகளை ஒட்டி ஒரு குட்டி ரோடு. எங்கோ ஒரு மயில் கத்தியதைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஓயாமல் பேசுகிற மனிதர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்ட ஆரம்பித்தார்.

"என்னண்ணே, பஞ்சரா?"

"இல்ல தம்பி. மிதிச்சாச் சீக்கிரம் முடிஞ்சுரும்."

அதைக் கேட்டபிறகு நானும் இறங்கி உருட்டினேன். அதுதான் வினை. நாங்கள் உருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மலைமேல் கொட்டிய மழை கீழே வந்து, நாங்கள் கடக்க வேண்டிய தரைப்பாலத்தை மூழ்கடித்துவிட்டது. திரும்பி வேறு வழி தேடினோம். அந்த வழியில்தான் சுத்துவழியார் சைக்கிளோடு ஒரு வரப்பிலிருந்து சேற்றில் பாய்ந்தார். எழுந்தபோது முன்சக்கரம் அப்பளமாக இருந்தது, ஆள் களிமண் பொம்மையாக இருந்தார், அவர் போன் செத்திருந்தது.

என் போன் அடித்தது. மதினி.

"தம்பி, அவுக உங்க கூடத்தானே இருக்காக? மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கிளம்பிட்டாகளாம். இங்குட்டு இவுகளக் காணோம்."

எந்த மாப்பிள்ளை என்று எனக்கு விளங்கவில்லை. போனை அவர் காதில் வைத்தேன்.

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். கண்மாய்க்குள் விழுந்த எருமை பேசினால் அந்தக் குரலில்தான் பேசும்.

விஷயத்தை அப்போதுதான் சொன்னார். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு எடம் என்னாலதான் போச்சு. எம் பொண்ணு ஒரு வார்த்தை என்னையச் சொன்னதில்ல தம்பி. இதுவும் போச்சுன்னா அவ மூஞ்சில எப்புடி முழிப்பேன்? மெயின் ரோடு எங்குட்டு இருக்கு?"

அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

சைக்கிள்களை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம். சைக்கிளை ஏற்ற எந்த பஸ்ஸும் தயாராக இல்லை. சைக்கிளை விட்டுவிட்டு வந்தால் ஏற்றலாம் என்ற கண்டக்டர்களும் சுத்துவழியாரைப் பார்த்ததும் விசில் ஊதிவிட்டார்கள், சீட்டெல்லாம் சேறாகிவிடுமாம். கடைசியில் டீக்கடையில் நின்றிருந்த ஒரு வேனைக் கெஞ்சினோம். முன்சீட்டில் இருந்த இளைஞர் இறங்கிவந்து, சைக்கிள்களை மேலே கட்டச் சொல்லி, பின்சீட்டில் சாக்கு விரித்துக்கொடுத்தார்.

உள்ளே தட்டு, பழம், பூ. நான் சுத்துவழியாரைப் பார்த்தேன்.

"எங்குட்டுப் போறீக?" என்று கேட்டார் சுத்துவழியார்.

பக்கத்திலிருந்த பெரியம்மா சொன்னார். "அமராவதிபுதூருக்கு. எங்க தங்கச்சி மகனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம்."

நான் வாயைத் திறந்தேன். என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "இந்தக் கோலத்துல நான்தான் அப்பன்னு சொன்னா வண்டிய இங்கயே திருப்பிருவாக" என்று காதில் முணுமுணுத்தார்.

"பொண்ணு எப்புடியாம்?" என்றார் பெரியம்மாவிடம், யாரோ மாதிரி.

"தங்கமாம். அவுக அப்பாதான் கொஞ்சம்..." என்று பெரியம்மா நெற்றிப்பொட்டில் விரலை வைத்துத் திருகினார். "சைக்கிள எடுத்துக்கிட்டு காடு மேடெல்லாம் திரியிற ஆளாம்."

"வேற என்ன சொன்னாக?"

"மனுசன் நல்லவராம். யாரு மனசும் நோகப் பேச மாட்டாராம். ஆனா எங்கயும் நேரத்துக்குப் போய்ச் சேந்ததே இல்லையாம்."

"அது தப்பு. லேட்டானாலும் போய்ச் சேந்துருவாரு" என்றார் சுத்துவழியார், கொஞ்சம் காரமாகவே.

முன்சீட்டு இளைஞர் மெல்லத் திரும்பி, அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சார், உங்களுக்கு எந்த ஊரு?"

"அமராவதிபுதூர்ப் பக்கம்."

இளைஞர் முன்னால் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் மட்டும் வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தன.

திருப்பத்தூர் தாண்டியதும் ரோட்டில் மரம் விழுந்து வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மணி நாலு. மாப்பிள்ளையின் அப்பா, கஞ்சி போட்ட சட்டையில் அதைவிட விறைப்பாக உட்கார்ந்திருந்தவர், "சகுனமே சரியில்ல. திருப்புப்பா வண்டிய" என்றார்.

பின்சீட்டிலிருந்து ஒரு சேற்றுக்கை உயர்ந்தது. "கல்லல் பக்கமா ஒரு வழி இருக்கு. நான் சொல்றேன்."

எனக்கு அந்த வெளிநாட்டுத் தம்பதி ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

வேன் குலுங்கியது, வளைந்தது, எதற்கோ இரண்டு முறை பின்னால் வந்தது. பிறகு நின்றது. கண்ணைத் திறந்தால் ஒரு பெரிய கண்மாய். நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கில் வழிந்து, வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் தண்ணீர் குறையக் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார் டிரைவர். எல்லோரும் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலுங்குத் தண்ணீரில் காலை வைத்தவர், யாரிடமென்று இல்லாமல், "எத்தனை வருசமாச்சு!" என்றார். அதன்பிறகு அவரை வண்டியில் ஏற்றத்தான் நேரம் பிடித்தது.

வேன் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் மதினி பட்டுச்சேலையில் நின்றார். தட்டோடு பெரியம்மா இறங்கினார், அப்பா இறங்கினார், முன்சீட்டிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். "வாங்க, வாங்க" என்று ஒவ்வொருவராக வரவேற்றுக்கொண்டே வந்த மதினி, கடைசியாக இறங்கிய களிமண் பொம்மைக்கும் பாதி "வாங்க" சொல்லிவிட்டார். மீதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஏங்க!"

பெரியம்மா தட்டோடு அப்படியே திரும்பினார். "இவுகளா?"

"நான்தாங்க" என்றார் சுத்துவழியார், தலையைக் குனிந்துகொண்டு. "தப்பெல்லாம் என்னோடது. பொண்ணு அவுக அம்மா மாதிரி. நேரத்துக்கு எந்திரிப்பா, நேரத்துக்கு வேலைக்குப் போவா. என்னைய வச்சு அவளை முடிவு பண்ணிறாதீக."

உள்ளேயிருந்து தேன்மொழி வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கூப்பிடாமல் வெளியே வரக்கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நேராக அப்பாவிடம் போனாள்.

"அடிபட்டுச்சாப்பா?" என்று கேட்டு, புதுப்பட்டின் முந்தானையால் அவர் காதிலும் கழுத்திலும் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். அவர் சின்னப்பிள்ளை மாதிரி நின்று காட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "உள்ள போயிப் பேசலாமே. எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு."

"எனக்கு மாமாவைப் பிடிச்சிருக்கு" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள், மதினியைத் தவிர. மதினி அழுதுகொண்டிருந்தார். சுத்துவழியாரைக் குளிக்கச் சொல்லிக் கொல்லைக்குத் துரத்தியபோதும் அழுதுகொண்டேதான் துரத்தினார்.

தை மாதம் கல்யாணம். சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள். சுத்துவழியார் ஓடி ஆடி எல்லோரையும் வழியனுப்பினார், சிரித்தார், டிரைவருக்கு வெற்றிலை கொடுத்தார். கார் தெருமுனை திரும்பியதும் என்ன நினைத்தாரோ, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார். நான் கிடைத்த ஒரு சைக்கிளில் பின்னால் போனேன். கண்ணாடியில் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, கார் மெதுவானது. சைக்கிள் வேகத்துக்கே போனது. பின்கண்ணாடி வழியாகத் தேன்மொழியின் முகம் இவரையே பார்த்துக்கொண்டு வந்தது. பின்னால் கல்யாண வேன்கள் வரிசையாக ஊர்ந்தன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

ஊர் எல்லையில் அவர் நின்றார், கையை அசைத்தார். கார் போய்விட்டது. அவர் அங்கேயே ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார், தோள்துண்டால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. நான் பக்கத்தில் போகவில்லை. கழன்றே போகாத சைக்கிள் செயினைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தேன், அவர் திரும்பி "வா தம்பி, போவோம்" என்று கூப்பிடுகிற வரைக்கும்.