அலமாரிக்குப் பன்னிரண்டு மணி நேர இருட்டு

"ஏங்க, கோட்டு மாட்டுற அலமாரிக்குள்ள டான்ஸ் ஏதாவது நடக்குதா?"

லோர்னா கேட்டதில் தப்பே இல்லை. கதவிடுக்கு வழியாகக் கூடம் முழுக்க ஊதா வெளிச்சம் வழிந்தது. உள்ளே நாலே நாலு கஞ்சாச் செடி. வீட்டுக்கு நாலு வளர்த்துக்கொள்ளலாம் என்று கனடா சட்டமே சொல்லிவிட்டது. வடகோடியில் இருக்கும் ஒயிட்ஹார்ஸ் ஊரின் டிசம்பரில் சூரியன்தான் சம்மதிக்கவில்லை.

லோர்னாவின் புருஷன் மர்டோவுக்கு இது மானப்பிரச்சினை. "மாப்ளே, உனக்கு ரொட்டியில பூஞ்சைகூட ஒழுங்கா வளராது" என்று லோர்னாவின் அண்ணன் ரோலண்ட் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். பிப்ரவரிக்குள் செடி பூக்காவிட்டால் தாடியை மழித்துவிடுவதாக மர்டோவும் வாயை விட்டுவிட்டான். இருபத்தாறு வருஷத் தாடி!

ஊதா விளக்கில் செடிகள் நூலாக நீண்டன. சரி, வெளிச்சம் பத்தவில்லை என்று யாரோ கொடுத்த ராட்சத பல்பைத் தொங்கவிட்டான். இலைகள் அப்பளமாகப் பொரிந்தன. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. வண்டி இன்ஜின் உறையாமலிருக்கச் செருகும் சூடேற்றியும் அதே லைனில் இருந்ததால் ஃபியூஸ் போய், காலையில் வண்டி அசையவில்லை. ஊருக்கே பனி தள்ளும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் மர்டோ. அவன் வீட்டில் மாட்டிக்கொண்டதால் அன்று ஊரே மாட்டிக்கொண்டது.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க உங்களைத் தெய்வமாக் கும்பிடுதுங்களாம்" என்றாள் லோர்னா.

விதை விற்ற பெர்னிஸிடமே போய் நின்றான்.

"சின்ன அலமாரிக்கு இந்த வெள்ளைத் தட்டு விளக்கு போதும்ண்ணே. குமிழைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுக்கலாம்" என்றாள் அவள்.

அருமையான விளக்கு. செடிகள் நிமிர்ந்தன. அதோடு விட்டிருக்கலாம். எங்கேயோ ஒரு புத்தகத்தைப் பிடித்துப் படித்துவிட்டான்: பூக்க வேண்டுமானால் தினமும் பன்னிரண்டு மணி நேரம் கும்மிருட்டு வேண்டும், ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் போச்சு!

"ராத்திரி விளக்கு எரியட்டும், பகல்ல அணைச்சிடலாம்" என்றான்.

"அந்த விளக்கோட விசிறி சத்தத்துல எனக்குத் தூக்கம் வராது. பகல்ல எரியட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அணைச்சிடுங்க."

ஆக, ஆறு மணிக்கு மேல் வீடே இருண்டது. கூடத்து விளக்கு கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் பல்பையும் கழற்றிவிட்டான்.

"டிவி?"

"மூச்!"

கடமான் கறிக்குழம்பை மூக்கில் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான். மேஜைக்காலில் தினமும் முட்டி இடித்தது. வேறு வேலையில்லாமல் இருவரும் சோபாவில் உட்கார்ந்து பேசினார்கள். பனிக்குவியல் என்று நினைத்து மேயரின் காரைத் தள்ளிய கதையை அவன் சொல்ல, லோர்னா புரையேறச் சிரித்தாள். அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு இப்படிப் பேசி எத்தனை வருஷமாயிற்று! அவனுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் தாடிக்காகத்தான் இத்தனையும் என்று வெளியில் முறைப்பாகவே இருந்தான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு சாயங்காலம் ரோலண்ட் வந்தான். நெற்றியில் தலைவிளக்கு. கோட்டை மாட்ட அலமாரியைத் திறந்தவன், செடிகளுக்கு நேரே வெளிச்சத்தைப் பாய்ச்சி நின்றுவிட்டான்.

"அட, இதானா மாப்ளே உன் தோட்டம்?"

"மூடு மச்சான்! பாவி, மூடு!"

"இரு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

பளிச்!

மறுநாள் கடை திறப்பதற்குள் மர்டோ வாசலில் நின்றான். "பெர்னிஸ், நாசமாப் போச்சு. இருட்டுல வெளிச்சம் பட்டுடுச்சு. ஏதாவது வழி இருக்கா?"

"மொட்டு வந்திருக்கா?"

"குட்டிக் குட்டியா வந்திருக்கு."

"அப்ப தாடி பத்திரம். அண்ணே, அது நாள் ஆனா தானாப் பூக்கிற ஜாதி. இருட்டே தேவையில்லை."

"இருட்டே தேவையில்லையா? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"அண்ணி வந்து விதை வாங்கின அன்னைக்கே அவங்ககிட்டச் சொன்னேனே! போன வாரம்கூட வந்து, அடுத்த வருஷத்துக்கும் இதே விதைதான் வேணும், அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னு சொல்லி வாங்கிட்டுப்... ஐயையோ!"