நான் எழுந்து நின்றதற்கான உண்மைக் காரணம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனனும் தங்கள் பொத்தான் ஆலையின் ஸ்டோர் கீப்பருமான நான் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். அக்காவின் மூட்டுவலி தேவலையா? ஒரே கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், அட்டையில் பொத்தான் தைக்கும் பெண்களின் நாற்காலிகளை எடுத்துவிடப் போவதாகவும், நின்றுகொண்டு தைத்தால் கை வேகமாக ஓடும் என்றும் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் விருட்டென்று எழுந்து பல்லைக் கடித்து உங்களை முறைத்தேன் அல்லவா, அது முறைப்பே இல்லை அத்தான். ஆசனவாய்க்குள் யாரோ கத்தியைச் செருகித் திருகியது போல ஒரு வலி. அது வந்தால் உட்கார முடியாது, பேச முடியாது, மூச்சுகூட அரை மூச்சுதான். இரண்டு நிமிடத்தில் வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. அப்பாடா என்று உட்காரத் திரும்பினால், பின்வரிசையில் இருபத்திரண்டு பெண்களும் எழுந்து நிற்கிறார்கள். நீங்கள் ஃபைலை மூடிக்கொண்டு, முடிவு வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு வெளியேறிவிட்டீர்கள். அன்றிலிருந்து வாசல் காவலாளிகூட எனக்கு சல்யூட் வைக்கிறார்.

மூன்று மாதமாகவே இந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் வந்து போகிறது. புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டி, யாரிடமும் மூச்சு விடாமல், பீரோ சாவி இருக்கும் இடத்தை மட்டும் மனைவிக்கு நாலு முறை காட்டி வைத்தேன். கூட்டத்திலும் வந்ததும் தாங்காமல் அவளிடம் கொட்டிவிட்டேன். மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் கையுறை மாட்டிப் பரிசோதித்தார், அதைப் பற்றி மேற்கொண்டு எழுதமாட்டேன். "மலக்குடல் பக்கத்துத் தசை திடீர்னு இழுத்துப் பிடிக்குது, கெண்டைக்கால்ல பிடிக்கிற மாதிரி. ஆபத்து இல்ல. வந்தா பதறாம மெதுவா மூச்சு விடுங்க, வெந்நீர்ல கொஞ்சம் உக்காருங்க. ரொம்ப நேரம் நீடிச்சாலோ ரத்தம் வந்தாலோ உடனே வாங்க" என்றார். மனக்கவலை இருந்தால் அதிகமாக வருமாம். மூன்று மாதம் வேறு எது இருந்தது எனக்கு? வீட்டுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன் அத்தான், நிம்மதியில்தான்.

ஆகவே நான் உங்களை எதிர்த்து எழவில்லை. வேலை வாங்கித் தந்தவரை எதிர்ப்பேனா? பத்தொன்பது வருடத்தில் உங்கள் முன்னால் சத்தமாக இருமியதுண்டா? அந்தப் பெண்களிடம், அவனுக்கு உடம்பு சரியில்லை என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு, நாற்காலி விஷயத்தை உங்கள் விருப்பப்படி முடித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வலி என்று மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், பொத்தான் தைப்பவர்களில் மூத்த அம்மாள் ஸ்டோருக்கு வந்தார். வீங்கிய காலில் துணி சுற்றியிருந்தது. "எங்களுக்காக இதுவரைக்கும் யாரும் எழுந்து நின்னதில்ல தம்பி" என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், என் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போடத்தான் முடிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே, மருத்துவர் சொன்னதைத் தவிர மேலே உள்ள எல்லாவற்றையும் நான் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வெள்ளிக்கிழமையும் எழுந்து நிற்பேன் அத்தான், வலி வராவிட்டாலும்.