ஓய்வுநாள் என்கிற டிக்கெட் கலெக்டர்

விழுப்புரம் ஜங்ஷனில் என்ஜின்கூட நிற்கும். ஓய்வுநாள் நிற்க மாட்டார். தண்ணீர் பிடிக்க, எதிர் வண்டிக்கு வழிவிட என்று ஏதாவது ஒரு சாக்கில் எல்லா வண்டியும் அங்கே கொஞ்ச நேரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் டிக்கெட் கலெக்டர் மட்டும் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். நான் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. என் ஜன்னலை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடக்கிறார் என்று ஒருமுறை எண்ண ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் எனக்குக் கால் வலித்தது, விட்டுவிட்டேன்.

இப்படி அலைகிற மனிதருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணமே அந்த அலைச்சல்தான். அவர் வேலைக்குச் சேர்ந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேஷன் மாஸ்டர் அவரைக் கூப்பிட்டு, எதற்காக இப்படிக் கூண்டுப் புலி மாதிரி சுற்றுகிறீர் என்று விசாரித்தார். "இன்னிக்கு ஓய்வுநாள் சார். இன்னிக்கு வேலை பாக்கிறோமேன்னு இருக்குது, உக்கார முடியலை" என்றாராம். சாயங்காலத்துக்குள் போர்ட்டர்களிலிருந்து காப்பிக்கடை ஐயர்வரை எல்லாருக்கும் அவர் ஓய்வுநாள் ஆகிவிட்டார். வேத புத்தகத்திலிருந்து எடுத்து வைத்த நீளமான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவருடைய அப்பா திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உபதேசியார். பெரிய மிஷன் எதிலும் சேராத சின்னச் சபை அது; எண்ணினால் முப்பது குடும்பம் தேறாது. ஆனால் சட்டதிட்டங்களை மூவாயிரம் குடும்பத்துக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம். காப்பி, டீ கூடாது. வெற்றிலை, பொடி கூடாது. கூத்து பார்க்கக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு பூராவும் பட்டினி. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைக்கக் கூடாது, ரயில் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பொய் சொல்லக் கூடாது. வேடிக்கைக்குக்கூடக் கூடாது. ஓய்வுநாள் குழந்தையாக இருந்தபோது, தன் ஆட்டுக்குட்டி பேசும் என்று யாரிடமோ சொன்னதற்காக, அது பேசாது என்று சபை நடுவே எழுந்து நின்று திருத்திச் சொல்ல வேண்டியிருந்ததாம்.

இருபது வயதில் அவர் இதெல்லாம் வேண்டாம் என்று அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டு வெளியேறினார். போனவர் வேறு வேலையா தேடினார்? ஞாயிற்றுக்கிழமையும் ரயில் விடுகிற உத்தியோகமாகப் பார்த்துச் சேர்ந்தார். சபை அவரை விலக்கி வைத்தது. அதாவது கோயிலுக்குள் நுழையலாம், ஆனால் கதவோரக் கடைசி பெஞ்சில்தான் உட்காரலாம். கல்யாணம், விருந்து என்றால் அந்த இடமும் கிடையாது.

வெளியேறிவிட்டாரே தவிர, வெளியே வந்து சேரவில்லை. காப்பி குடித்துச் சபையைத் தலைமுழுகிவிடுவது என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முடிவு செய்வார். என்னையும் கூட்டிக்கொண்டு ஐயர் கடைக்குப் போய், டபரா செட்டில் நுரை பொங்க ஒரு காப்பி வாங்குவார். வாய்வரை கொண்டுபோவார். மூக்கு அந்த வாசனையை இழுக்கும். முகம் கல்யாணப் பந்தல் மாதிரி மலரும். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீ குடிச்சிடுய்யா" என்று எழுந்து நடந்துவிடுவார். இரண்டு வருஷம் அவருடைய பாவத்தையெல்லாம் நான்தான் குடித்தேன். இன்றைக்கும் என்னை விடாத காப்பிப் பழக்கம் ஒரு விரதக்காரர் ஏற்படுத்தியது.

ஒருமுறை டெண்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். சாயங்கால ஆட்டம். படம் ஆரம்பித்ததிலிருந்து மணலில் நெளிந்துகொண்டே இருந்தார். எக்காளம் முழங்க ஆண்டவர் திரும்பி வரும்போது கூத்துக் கொட்டகையில் இருப்பவர்கள் அங்கேயே விடப்படுவார்கள் என்பது சபையின் போதனை. அதை இப்போது நம்புகிறீரா என்று கேட்டேன். நம்பவில்லை என்றார். அப்புறம் எதற்கு நெளிகிறீர் என்றேன். "அவரு வர்றதுக்கு நான் நம்பணும்னு இல்லையே" என்றார். அந்தச் சமயம் பார்த்து பிலிம் அறுந்தது. கொட்டகை இருண்டது. வெளியே ரோட்டில் கல்யாண ஊர்வலம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பேண்டு கோஷ்டி அந்த இடத்திலேயே எக்காளத்தை ஊதித் தொலைத்தது. பக்கத்தில், "இதோ வந்துட்டேன் ஆண்டவரே" என்று ஒரு குரல். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஓய்வுநாள் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவர் காலடியில் யாரோ ஒருவருடைய முறுக்குப் பொட்டலம் நசுங்கிக் கிடக்கிறது.

இறங்கி வருகிறவர்களிடம் டிக்கெட் வாங்குகிற வாசலிலும் இதே பேஜார்தான். கண்டமங்கலத்திலிருந்து மல்லாட்டை மூட்டையோடு, அதாவது வேர்க்கடலை மூட்டையோடு, வந்த ஒரு விவசாயி, டிக்கெட் எங்கே என்று கேட்டதும், எடுக்கவில்லை, தப்புதான் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உண்மையை ஒத்துக்கொண்ட அழகில் ஓய்வுநாளுக்குக் கண் கலங்கிவிட்டது, போகச் சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் பாண்டிச்சேரி லைன் முழுவதும் செய்தி பரவியது. ஜனங்கள் டிக்கெட் எடுப்பதை விட்டுவிட்டு வரிசையாக வந்து உண்மை பேச ஆரம்பித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வுநாளை ஒரு மாதம் சாமான் கொட்டகைக்கு மாற்றிய பிறகுதான் அந்தச் சத்திய வெள்ளம் வடிந்தது.

சபையைப் பற்றி அவர் திட்டாத திட்டு இல்லை. மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் திட்டுவார். ஆனால் எங்கள் ஹெட் குமாஸ்தா ஒருநாள் கூடச் சேர்ந்து, "பூ வெக்காத பொம்பளைங்களா, எல்லாம் மொட்டை மரம் மாதிரி இருக்குமே" என்று சிரித்ததுதான் தாமதம், ஓய்வுநாளின் முகம் சிவந்துவிட்டது. எங்கம்மாவை நீர் பார்த்திருக்கிறீரா என்று கேட்டார். அவர் அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் பார்சல் ஆபீஸ் பக்கமே அவர் திரும்பவில்லை. அவர் கடந்து போகாத ஜன்னல் எனக்குச் சுவர் மாதிரி இருந்தது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அவருடைய தங்கை எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு அவர் வர வேண்டுமானால், அதற்கு முந்தின ஞாயிறு சபை நடுவே எழுந்து நின்று, 'நான் மனந்திரும்பினேன்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று மூப்பர் சொல்லியனுப்பியிருந்தார். இந்த மூப்பர்தான் சபையில் உபதேசியாருக்கு அடுத்தவர். தனியாகப் போக ஓய்வுநாளுக்குத் தைரியம் இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டார். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக அந்த ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு, பெட்டிக்குள்ளேயே நடந்துகொண்டு வந்தார்.

ஓடு வேய்ந்த சின்னக் கோயில். பக்கத்துக்கு மூன்று ஜன்னல். ஜெபம் முடிந்ததும் மூப்பர் கடைசி பெஞ்சைப் பார்த்துத் தலையசைத்தார். ஓய்வுநாள் எழுந்தார். வாயைத் திறந்தார். மூடினார். மூப்பர் நல்ல மனிதர். பக்கத்தில் வந்து, "ஒரு வார்த்தைதாம்பா. வாயால சொன்னா போதும். மனசை நாங்க இன்னா திறந்தா பாக்கப் போறோம்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

ஓய்வுநாளுக்கு வேர்த்துக் கொட்டியது. "சொல்ல முடியலைங்க. நான் இன்னும் திரும்பலை" என்றார்.

எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். உயரமான, ஒல்லியான கிழவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி. அவன் பொய் சொல்லலை. அடுத்த பாட்டுக்குப் போவோம்" என்றார்.

ஊரிலிருந்து திண்டிவனம் ஸ்டேஷன்வரை ஓய்வுநாள் தலையில் அடித்துக்கொண்டே நடந்தார். வேறு எவனாக இருந்தாலும் சொல்லிவிட்டு வந்திருப்பான் என்றார். "இவங்க வளத்த வளப்பு, இவங்களுக்காக ஒரு பொய் சொல்லக்கூட வாய் வரமாட்டேங்குது" என்றார். நாங்கள் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது பின்னாலேயே எஸ்தர் மூச்சிரைக்க ஓடி வந்தாள். புதன்கிழமை கல்யாணத்துக்கு நீ வெளியிலாவது வந்து நிற்க வேண்டும் என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவமானம், வரமாட்டேன் என்றார் அவர்.

"முழு மனசா சம்மதமான்னு அப்பா கேப்பாரு இல்ல அண்ணே? நீ இல்லாம முழு மனசுன்னு நான் எப்படிச் சொல்றது? பொய்யாப் போயிடாதா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் அந்தக் குடும்பத்தின் வியாதி முழுதாகப் புரிந்தது.

புதன்கிழமை போனோம். நானும் அவரும் வாசலுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றோம். நின்றோம் என்றால், நான் நின்றேன். அவர் கோயிலைச் சுற்ற ஆரம்பித்தார். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது; வெளியே ஓய்வுநாளின் தலை முதல் ஜன்னல், இரண்டாவது ஜன்னல், மூன்றாவது ஜன்னல் என்று போய், கொஞ்ச நேரம் மறைந்து, எதிர்ப்பக்கத்து ஜன்னல்களில் வந்தது. உள்ளே இருந்தவர்களின் தலைகளும் அதோடு வலமிருந்து இடமாகத் திரும்பின. மாப்பிள்ளை மட்டும், பாவம், யாரோ பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்தார்.

உபதேசியார் மாப்பிள்ளையைக் கேட்டார், மாப்பிள்ளை சம்மதம் என்றார். எஸ்தரைக் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அப்போது ஜன்னலில் யாரும் இல்லை. உபதேசியார் இன்னொரு முறை கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நான் மரத்தடியை விட்டு வாசற்படிக்கே வந்துவிட்டேன். மூன்றாவது தடவையும் அவள் பேசாமல் இருந்தால் இரண்டு வீடும் கைகலப்பில் இறங்கும் என்று எனக்குத் தோன்றியது.

கிழவர் மூன்றாவது தடவை கேட்கவில்லை. மகளைப் பார்த்தார். ஜன்னலில் மறுபடியும் கடந்துபோன தலையைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

"உள்ள எனக்கு மூச்சு முட்டுது. எல்லாரும் மரத்தடிக்கு வாங்க. அங்க வெச்சிக்கலாம்" என்றார்.

மூப்பர் திடுக்கிட்டு, வெளியே அவன் இருக்கிறானே என்று முனகினார். விலக்கப்பட்டவன் கல்யாணத்தின்போது கோயிலுக்குள் வரக் கூடாது என்றுதானே சட்டம், மரத்தடியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்றார் கிழவர். "எனக்கு மூச்சு முட்டுது" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திராமல் விறுவிறுவென்று வெளியே நடந்தார். மூச்சு முட்டுகிறவர் நடக்கிற நடையாக அது இல்லை. ஜனங்கள் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்த ஓய்வுநாள் மூலை திரும்பியதும் சபை மொத்தமும் எதிரே நின்றது. தப்பி ஓடப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மரத்தடியில் கிழவர் எஸ்தரை மறுபடி கேட்டார். அவள், "சம்மதம், முழு மனசோட சம்மதம்" என்று சொன்னது பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

விருந்தில் எல்லாருக்கும் பானகம் கொடுத்தார்கள். ஓய்வுநாளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று மூப்பர் யோசித்துக்கொண்டே செம்பைக் கையில் வைத்திருந்தார். உபதேசியார் அதை வாங்கிக்கொண்டு வந்து மகனிடம் நீட்டினார். ஓய்வுநாள் ஒரே மூச்சில் குடித்தார். செம்பைத் திரும்ப வாங்கும்போது அப்பாவின் விரல் கொஞ்சம் தாமதமாக விலகியது; நான் பார்த்தது அவ்வளவுதான்.

திரும்பி வருகையில் ஓய்வுநாள் ரயிலில் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அலையாமல் நெளியாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். மயிலம் தாண்டியதும் சட்டென்று எழுந்து கதவோரம் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். என்ன என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு இன்னா மூச்சு முட்டறது? வாரத்துக்கு மூணு நாள் திண்டிவனத்துக்கு நடந்து போய்க்கினு வந்துகினு இருக்கிற ஆளுய்யா. இருமல்கூட வந்தது கிடையாது" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "பொய் சொல்லிட்டாரு. இத்தினி வயசுக்கு மேல, கையில வேதத்தை வெச்சிக்கினு, எனக்காக ரெண்டு வாட்டி பொய் சொல்லிட்டாரு."

அதற்குச் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றேன். சந்தோஷம்தான், அதனால்தான் தாங்கவில்லை என்றார். விழுப்புரத்தில் இறங்கும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "யாரு கிட்டயும் சொல்லிடாதய்யா. தெரிஞ்சா அவரையும் விலக்கி வெச்சிடுவாங்க" என்று கேட்டுக்கொண்டார்.

யுத்தத்தின்போது அவரைத் திருச்சிப் பக்கம் மாற்றினார்கள். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. உபதேசியார் காலமாகிவிட்டார் என்று எஸ்தர் மூலமாகக் கேள்விப்பட்டேன். இத்தனை வருஷமாக யாரிடமும் மூச்சு விடாத சங்கதியை இன்று பத்திரிகையில் எழுதிவிட்டேன். ஓய்வுநாள் எங்கேயாவது இதைப் படித்தால் பதறிப்போய், என்னோடு சண்டை பிடிக்க வண்டி ஏறுவார். ஏறட்டும். அதற்காகவாவது ஒரு தடவை வந்தால் போதும்.