மாப்பிள்ளையின் ஆமை நலமாக உள்ளது

ராட்சபுரி

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை பாக்பூம் அவர்களுக்கு, மாமனார் தாவீ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கே நீங்களும் என் மகள் நுச்சரியும் நோய்நொடி இல்லாமல் இருக்க புத்தர் அருள் புரியட்டும். என்னை நம்பி விட்டுப்போன உங்கள் ஆமை கனுனும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் பதறாமல் படிக்கலாம்.

நாய் வராமல் கொல்லையில் கம்பிவேலி போடச் சொன்னீர்கள், போட்டேன். கனுன் அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளியே போனது. செங்கல் பதித்தேன், அதையும் தள்ளிவிட்டுப் போனது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து எத்தனையோ சரக்கு ரயில்களை நிறுத்தி வைத்தவன் நான்; சோற்றுத்தட்டு அளவுள்ள ஒரு பிராணியை நிறுத்த முடியவில்லை. புல்லும் செம்பருத்தி இலையும் மட்டும் கொடுக்கணும், பழம் கூடவே கூடாது என்றீர்கள். ஆனால் கொல்லையில் காவல் சாமியின் குட்டி வீட்டுக்கு முன்னால் உங்கள் மாமியார் தினமும் வாழைப்பழம் படைக்கிறாள், கனுன் தினமும் தின்றுவிட்டு வயிற்றால் போகிறது. தட்டை மேலே வை என்றால், "சாமி சாப்பிட்ட மிச்சத்தத்தானே அது சாப்பிடுது, நீங்க ஏன் குறுக்க நிக்கிறீங்க" என்கிறாள்.

இப்படியிருக்க, வெள்ளிக்கிழமை காலையில் கனுனைக் காணோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு லம்யாய் அக்கா கோயிலிலிருந்து காலி வாளியோடு வருகிறார். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள். ஆயுசு கூட வேண்டும் என்று குளத்தில் ஆமை விட்டுவிட்டு வருகிறாராம்.

"எப்படிப்பட்ட ஆமைக்கா?"

"நல்ல பெரிய ஆமை தம்பி. புண்ணியத்துல பாதி உங்க வீட்டுக்கும்னு வேண்டிக்கிட்டேன்."

பாதி எதற்கு எங்களுக்கு? எனக்குப் புரிந்துவிட்டது. தரை ஆமைக்கும் நீர் ஆமைக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மங்கள், மாப்பிள்ளை. "யானைக்கால் மாதிரி காலை வச்சுக்கிட்டு அது எப்படிக்கா நீந்தும்? உங்க ஆயுசு கூட எங்க மாப்பிள்ளை ஆமை சாகணுமா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுக் கோயிலுக்கு ஓடி, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு குளத்தில் இறங்கினேன். ஆகாயத்தாமரைக்குள் தடவித் தடவிப் பிடித்தே விட்டேன். பயத்தில் விரலைக் கடித்தது, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைமைப் பிக்கு கரையில் நின்று, "தாவீ, இங்க எல்லாரும் விடத்தான் வருவாங்க. எடுக்க வந்தது நீ ஒருத்தன்தான்" என்றார். பாராட்டுகிறார் என்று கும்பிட்டேன்.

இப்போது குளியலறையில் பெட்டியில், விளக்கு வெளிச்சத்தில் பத்திரமாக இருக்கிறது. செம்பருத்தியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறது. குளத்து அதிர்ச்சி. பாத்திரத்தை எடுத்துவிட்டேன். லம்யாய் அக்கா எங்களோடு பேசுவதில்லை. தயவுசெய்து வந்து அழைத்துப்போங்கள், என் உடம்பு தாங்காது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு சிறப்பாக இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தாவீ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், காவல் சாமி வீட்டுக்கு அடியில் மண் அசைந்தது. கனுன் தலையில் மண்ணோடு வளையிலிருந்து வெளியே வந்து நேரே வாழைப்பழத்துக்குப் போனது. குளியலறைக்காரன் காலை இப்போதுதான் பார்த்தேன், விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் தோல் இருக்கிறது. லம்யாய் அக்கா சந்தையில் காசு கொடுத்து வாங்கியதாம். "என் ஆயுச எடுத்தவரே திரும்பக் கொண்டுபோய் விடட்டும், என் பேரச் சொல்லி விடட்டும்" என்கிறார். கோயில் ஒலிபெருக்கியில் நேரமும் அறிவித்துவிட்டார்கள், ஊரே வருகிறது. நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம். மேலே ஜென்மங்கள் என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் நுச்சரி பார்ப்பதற்குள் அடித்துவிடுங்கள்.