மலர்நீர் மகாத்மியம்

தண்ணீரைப் படைத்தவர் கடவுள் என்று சமயங்கள் சொல்கின்றன. இல்லை, இரண்டு வாயுக்கள் சேர்ந்து செய்த வேலை என்று விஞ்ஞானம் சொல்கிறது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் தண்ணீருக்கு மரியாதை தேடித் தந்தவர் யார் என்பதில் எந்த வழக்கும் இல்லை. ஜோகூர் மாநிலத்தில் இயங்கும் தென்முனை நீர்க் கழகத்தின் தொடர்புப் பிரிவுதான்! அந்தப் பிரிவில் தமிழ் அதிகாரியாக வீற்றிருந்து, மக்களிடம் எதையெல்லாம் சொல்லக்கூடாதோ அதையெல்லாம் தமிழில் சொல்லாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குபவன் நான். பெயர் ரூபேந்திரன்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. அணைக்கட்டில் நீந்திக்கொண்டிருந்த மீன்கள் நடந்து போகும் நிலை வந்தது. கழகம் கலங்கவில்லை. மாசாய் வட்டாரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து, மறுபடியும் குடிநீராக்கிக் குழாயில் விடும் ஆலை ஒன்றைத் திறந்தது.

ஆலையின் பொறியாளர் லோஷினி. வயதில் சிறியவர், அனுபவம் போதாது. முதல் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்.

“சாக்கடைத் தண்ணிதான். அதைப் பல தடவை வடிகட்டி, கிருமியக் கொன்னு, தினமும் சோதிச்சுப் பாத்துத்தான் விடுறோம். முன்ன வந்த ஆத்துத் தண்ணிய விட இது சுத்தம். என் பிள்ளைக்கே இதைத்தான் குடுக்கிறேன். இதை இப்படியே மக்கள்கிட்ட சொல்லிடலாமே?”

யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். தொடர்புப் பிரிவில் வந்து ‘இப்படியே சொல்லிடலாம்’ என்பது, கோயில் கருவறைக்குள் செருப்போடு நுழைவதற்குச் சமம். எங்கள் இயக்குநர் அப்துல் ஹலீம் மட்டும் பெருந்தன்மையாகப் புன்னகைத்தார்.

“லோஷினி, நீங்க இன்ஜினியர். உங்களுக்கு உண்மை போதும். மக்களுக்கு நம்பிக்கை வேணும்லா.”

உண்மை வேறு, நம்பிக்கை வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

சோதனைபோல, அதே நேரத்தில் மாநிலத்தில் கடுமையான வயிற்றுப்போக்கு பரவியது. பத்து பாகாட் என்ற ஊரில் தொடங்கி, கரையோரமாகவே நடந்து எங்கள் பக்கம் வந்தது. மருத்துவமனைகளில் கட்டில் கிடைக்காமல், நாற்காலியில் உட்காரவைத்து டிரிப் ஏற்றினார்கள். ‘பாதுகாப்பான தண்ணீரை மட்டும் குடியுங்கள்’ என்று சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். உடனே மக்கள், எது பாதுகாப்பான தண்ணீர் என்று கேட்டார்கள். கழகத்திடம் அதற்குப் பதில் இருந்தது. எனவே, அதைச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று ஆராய அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

முதலில் பெயர். மறுசுழற்சி நீர் என்றுதான் ஆலைக் கோப்புகளில் இருந்தது.

“சுழற்சின்னாலே வயித்தைச் சுழட்டுது,” என்றார் ஹலீம். “நோய் நேரத்தில ஆகாது.”

“மீட்கப்பட்ட நீர்?” என்றேன்.

“எங்கேருந்து மீட்டீங்கன்னு கேப்பாங்க.”

“மறுபிறவி நீர்?”

“மறுபடி பிறக்கணும்னா முதல்ல சாகணும். சாவுப் பேச்சே வேணாம், ரூபன்.”

அப்போதுதான் எனக்கு அது உதித்தது. நான் எழுந்து நின்றேன்.

“மலர்நீர்! சேற்றில் முளைத்தாலும் செந்தாமரை செந்தாமரைதானே, பாஸ்? சேறு என்று சொல்லாமலே சேற்றைச் சொல்லிவிடுகிறோம்.”

ஹலீம் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். லோஷினி மட்டும், “இதுல தண்ணி எங்கேருந்து வருதுன்னு எங்க இருக்கு?” என்று கேட்டார். ஒரு பெயரிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது அநியாயம் என்று அவருக்குப் பொறுமையாக விளக்கப்பட்டது.

பதாகை அச்சிடும் பொறுப்பு தலைநகர் நிறுவனம் ஒன்றிடம் போனது. அங்கே தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. ஆகவே எவருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கணினியில் எங்கேயோ ‘ர்’ என்ற ஓர் எழுத்து வழுக்கி விழுந்துவிட்டது. மாசாய் பேருந்து நிறுத்தத்தில் இருபதடி நீளத்துக்குத் தொங்கியது:

‘மலநீர் அருந்துவோம்! மனம் மகிழ்வோம்!’

வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஓரமாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். அன்று மாலைக்குள் அந்தப் படம் சிங்கப்பூரில் வேலை செய்பவர்களின் கைப்பேசிகளையும் எட்டிவிட்டது. கழகம் மக்களுக்குத் தந்த அறிவிப்புகளிலேயே உண்மைக்கு மிக அருகில் சென்றது அதுதான். ஆகவே உடனடியாக அகற்றப்பட்டது.

மக்கள் கொதித்தார்கள். விளக்கக் கூட்டம் ஒன்றை, மாசாயில் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மெலோர் ஃபிளாட்டின் மண்டபத்தில் நடத்தினோம். வந்தவர்களுக்குக் கறிபாப் பலகாரமும், குழாய்த் தண்ணீரில் கலந்த சிராப் சர்பத்தும் கொடுத்தோம். கறிபாப் தீர்ந்தது, சிராப் அப்படியே இருந்தது. மேடையில் எங்கள் முன்னால் மட்டும் கடையில் வாங்கிய மினரல் பாட்டில்கள் இருந்தன. அது ஏற்பாட்டாளரின் கவனக்குறைவு எனப் பின்னர் ‘கண்டறியப்பட்டது’.

முதல் வரிசையில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் எழுந்தார். பெயர் பிரேமலா. வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். ஏழெட்டு வயது மகள் பிரவீனா, கறிபாப் துணுக்கு ஒட்டிய வாயோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். குழாய்ல வர்றது லோங்காங் தண்ணியா, இல்லையா?”

மாசாயில் கால்வாய் என்று யாரும் சொல்வதில்லை. லோங்காங் என்றால்தான் அதன் வாடையும் சேர்ந்து வரும். ஹலீம் ஒலிவாங்கியை வாங்கினார்.

“சகோதரி, எல்லாத் தண்ணியும் ஒரே வானத்துப் பிள்ளைங்கதான்.”

“எங்க வீட்டுக் குழாய் வானத்துல இல்லைங்க. ஆமாவா, இல்லையா?”

“மலர்நீர்ங்கிறது ஓர் அனுபவம்.”

“அலமாக்! ஆமான்னு சொல்லுங்களேன். சுத்தம் பண்ணித்தான் குடுக்கிறோம்னு சொல்லுங்க. நான் குடிச்சிட்டுப் போறேன். அங்கங்க பிள்ளைங்க வயித்தாலப் போயி ஆஸ்பத்திரியில கிடக்குது. எனக்குத் தெரிய வேணாமா?”

லோஷினி தாங்காமல் எழுந்தார். “அக்கா, ஆமா. கழிவுத் தண்ணிதான். ஆனா அதை நாங்க...”

அத்துடன் அவருடைய ஒலிவாங்கி நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு. கோளாறு ஹலீமின் கண்ணசைவில் தொடங்கி என் சுட்டுவிரலில் முடிந்தது. லோஷினியின் உதடுகள் அசைவதைச் சபை சற்று நேரம் மரியாதையுடன் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. ‘ஐயங்கள் அனைத்தும் தீர்ந்தன’ என்று அறிக்கை எழுதினேன்.

இனி எழுத்தை நம்பக்கூடாது, படத்தை நம்புவோம் என்று பிரிவு முடிவெடுத்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் அருவிப் படத்தை நானே தேர்ந்தெடுத்தேன். பார்த்தால் தங்காக் பக்கம் லேடாங் மலையடிவாரம் போலவே இருக்கும். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பனி இருந்தது, வெட்டிவிட்டேன். கீழே, ‘இயற்கையின் மடியிலிருந்து உங்கள் இல்லத்திற்கு’ என்று ஒரு வரி. எது வருகிறது, யார் மடியிலிருந்து வருகிறது என்ற சில்லறை விவரங்கள் இல்லை. மெலோர் ஃபிளாட்டின் ஒவ்வொரு மின்தூக்கியிலும் ஒட்டினோம்.

அடுத்த வாரமே மூர்த்தி என்ற தொழில்முனைவர் தம் லோரியுடன் அங்கே வந்து சேர்ந்தார். லோரி நிறைய, தண்ணீர் நிரப்பிய நீல நிறப் பிளாஸ்டிக் தோம்புகள். பக்கவாட்டில் ‘லேடாங் அருவி நீர்’ என்ற எழுத்து. அதற்கு மேல் அதே அருவிப் படம். அவரும் அதே இலவச இணையப் பக்கத்துக்குத்தான் போயிருக்கிறார். ஆனால் என்னைவிட நேர்மையானவர்; பனியை வெட்டவில்லை.

மக்கள் மின்தூக்கியில் அருவியைப் பார்த்தார்கள். கீழே இறங்கி லோரியில் அருவியைப் பார்த்தார்கள். கழகத்தின் சொந்த வண்டி என்றே நினைத்தார்கள். பிரேமலா மட்டும் எங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தார். தமிழ் அழைப்பு என்பதால் என்னிடம் வந்தது.

“சார், உங்க அருவிப் படம் ஒட்டின லோரி ஒண்ணு கீழ நிக்குது. அது உங்க தண்ணிதானா?”

இங்கேதான் பயிற்சி உதவுகிறது. ‘எங்களுடையது இல்லை’ என்று சொல்வது எளிது. சொன்னால் அடுத்த கேள்வி, ‘அப்ப உங்க தண்ணி அருவியிலேருந்து வரலியா?’ என்றுதான் வரும். ஒரு நல்ல அதிகாரி இரண்டாவது கேள்விக்குப் பயந்து முதல் கேள்விக்குப் பதில் சொல்பவர்.

“அருவி நீர் எதுவானாலும் இயற்கையின் கொடை, சகோதரி. கழகம் அதை வரவேற்கிறது.”

“அப்ப வாங்கலாம்தானே? பிள்ளைக்குக் குடுக்கணும் சார், அதான் கேக்குறேன்.”

“உங்கள் தேர்வை மதிக்கிறோம்.”

“நன்றிங்க சார்,” என்று அவர் மனநிறைவோடு ஃபோனை வைத்தார். மனநிறைவு பெற்ற அழைப்பாளர் என்று பதிவு செய்தேன்.

மெலோர் ஃபிளாட் குழாயை மூடிவிட்டு லோரியிடம் போனது. மூர்த்தியின் அருவி எங்கே விழுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், மணல் தோண்டிவிட்டுப் போன ஒரு குட்டையில். அங்கே மாடுகள் குளிக்கும். பக்கத்துக் கொட்டகையின் கழிவு எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல், முழு இயற்கையாக, அதில் வந்து கலக்கும்.

சில நாட்களுக்குள் ஒரு மாடி முழுவதும் படுத்தது. பிறகு அடுத்த மாடி. பிரவீனாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அவர்களின் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த செல்லம், ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துபோனார். அவருக்கு ஏற்கெனவே இனிப்பு நீர் என்னும் சர்க்கரை வியாதி இருந்தது. எனவே இந்த மரணம் ‘வேறு வகை நீர்’ தொடர்புடையது என்று வகைப்படுத்தினேன்.

சுகாதார அதிகாரிகள் கழகத்தின் குழாய்களைச் சோதித்தார்கள். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. குழாய்த் தண்ணீர் மட்டுமே குடித்த எவரும் நோயில் விழவில்லை. மூர்த்தியைப் போலீஸ் பிடித்தது. எங்கள் பிரிவில் கேக் வெட்டினோம்.

“பாத்தியா ரூபன்? நம்ம தண்ணி மேல ஒரு குத்தமும் இல்ல!” ஹலீமின் கண்கள் கலங்கியிருந்தன.

லோஷினி கேக்கைத் தொடவில்லை. “இதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன். அன்னைக்கே சொல்ல விட்டிருந்தா அந்த லோரிக்கிட்ட யாராச்சும் போயிருப்பாங்களா? அந்தம்மா செத்திருப்பாங்களா?”

அவர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதில் கொஞ்சம் கிரீம் ஒட்டிக்கொண்டது. கதவு மூடும்வரை காத்திருந்த ஹலீம், “இந்த மாதிரி கேள்வி வெளியிலேருந்தும் வரும். அதுக்கு முன்ன நல்ல செய்தி ஒண்ணு போடணும். அந்த பிரேமலாவப் போய்ப் பாரு. பாதிக்கப்பட்டவங்களே நம்ம தண்ணியப் பாராட்டினா எடுப்பா இருக்கும்,” என்றார்.

பழக்கூடையும் புகைப்படக்காரருமாக மருத்துவமனைக்குப் போனேன். பிரவீனா பிழைத்துவிட்டாள். பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். போர்வைக்குள் பிள்ளை இருப்பதே தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் அதே சீருடையில் பிரேமலா உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னதும் தலையை உயர்த்தினார்.

“நீங்கதானே அன்னைக்கு ஃபோன்ல பேசுனது? குரல் தெரியுது.”

“கழகத்தின் குரல் பொதுவானது, சகோதரி.”

“அது எங்க தண்ணி இல்லம்மா, வாங்காதேன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அதற்கு எங்களிடம் வழிகாட்டி நெறிமுறை இருக்கிறது. என் கையில் பழக்கூடை திடீரெனக் கனத்தது. ஆரஞ்சு அதிகம் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கட்டிலில் பிள்ளை ஏதோ முனகினாள். பிரேமலா குவளையை எடுத்து, இரண்டு மிடறு தண்ணீர் புகட்டி, வாயைத் துடைத்துவிட்டார்.

“குழாய்த் தண்ணிதான்,” என்றார் என்னைப் பார்க்காமல். “டாக்டர் நேராச் சொன்னாரு. லோங்காங் தண்ணிய சுத்தம் பண்ணதுதான், பயப்படாம குடும்மான்னு. குடுக்கிறேன்.”

புகைப்படக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கடமையை நினைவுகூர்ந்தேன்.

“எங்கள் நீரைப் பற்றி மக்களுக்கு ஏதாவது ஒரு கருத்து...?”

அவர் குவளையைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“உங்க தண்ணி எங்களை ஒண்ணுமே பண்ணலைங்க. உங்க பேச்சைத்தான் குடிச்சிட்டோம்.”

இன்று கழகத்தின் எல்லா அலுவலகங்களிலும், நுழைந்தவுடன் கண்ணில் படும்படி, பிரேமலாவின் படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. படத்துக்குக் கீழே அவருடைய சொந்த வார்த்தைகள், பொன்னிற எழுத்துகளில்: ‘உங்க தண்ணி எங்களை ஒண்ணுமே பண்ணலைங்க.’

இரண்டாவது வாக்கியம் இடப் பற்றாக்குறையால் சேர்க்கப்படவில்லை.